பாட்டு மாஸ்டரின் மகள் கார் ஓட்டக் கற்றது

அப்பாவை ஊரில் எல்லோரும் பாட்டு மாஸ்டர் என்றுதான் சொல்வார்கள். புதிதாகக் குடிவந்தவர்கள் அந்தப் பேரைக் கேட்டுவிட்டு, மகளைப் பாட்டு வகுப்பில் சேர்க்க அழைத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். அப்பா சொல்லிக்கொடுத்தது கார் ஓட்ட. ஒரே ஒரு கார், எங்கள் தெருவிலேயே ஒரு சின்ன அறை, வாசலில் ஒரு போர்டு. அதுதான் அவருடைய டிரைவிங் ஸ்கூல். ஏமாந்து வந்த அம்மாக்களையும் அவர் வெறுங்கையோடு அனுப்பமாட்டார். உட்காரவைத்துப் பேசி, பெண்ணுக்குப் பாட்டு இல்லாவிட்டால் என்ன, அம்மாவுக்கு கார் இருக்கிறதே என்று ஆளைச் சேர்த்துவிடுவார்.

பாட்டு மேல் அவருக்கு உயிர். இளவயதில் ஒரு தரம் ரேடியோ நிலையத்துக்குப் பாடிக்காட்டப் போயிருக்கிறார். கேட்டவர்கள், கடிதம் போடுகிறோம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அதற்கப்புறம் நாங்கள் பல வீடு மாறிவிட்டோம். அதனால்தான் கடிதம் வந்து சேரவில்லை என்று கடைசி வரைக்கும் நம்பினார். குரல் பெரிய குரல்தான், அதில் குறை சொல்ல முடியாது. சுருதி மட்டும் ஒரு தெருவில் போகும், அவர் பக்கத்துத் தெருவில் போவார். எங்காவது ஒரு முனையில் ரெண்டும் சந்தித்துக்கொண்டால் அவருக்கே ஆச்சரியமாக இருக்கும்.

வண்டியில் பாடுவதற்கு அவர் ஒரு காரணம் வைத்திருந்தார். புதிதாக ஓட்ட வருகிறவர்கள் பயத்தில் மூச்சை அடக்கிக்கொள்கிறார்கள். மூச்சு நின்றால் கை விறைக்கும், கை விறைத்தால் வண்டி நேராகப் போகாது. பக்கத்தில் ஒருத்தன் நிம்மதியாகப் பாடிக்கொண்டிருந்தால், இந்த ஆளே பாடுகிறான், அப்படியானால் ஆபத்து ஒன்றும் இல்லை போல என்று அவர்களும் மூச்சு விடுவார்கள். முதல் கியருக்கு வெறும் முனகல். ரெண்டாவதில் பல்லவி. மூன்றாவதில் சரணம். நான்காவதில் உச்சஸ்தாயி. அதற்குக் கண்ணை மூடிக்கொள்வார். மாணவர்கள் எதற்குப் பயந்தார்களோ இல்லையோ, நான்காவது கியருக்குப் பயந்தார்கள்.

அவர் வகுப்பில் ஒரே ஒரு சட்டம்தான். பாட்டு நின்றால் பிரேக்கை மிதிக்க வேண்டும். குறுக்கே ஆடு வந்தாலும் சரி, ஆள் வந்தாலும் சரி, அவர் வாய் மூடும். மாணவர் கால் அமுங்கும். அவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. ஆனால் அதை அவர் தொட விரும்பமாட்டார். என் காலால் நின்றால் கார் நின்றது என்று அர்த்தம், உங்கள் காலால் நின்றால்தான் நீங்கள் கற்றுக்கொண்டீர்கள் என்று அர்த்தம் என்பார். அவரிடம் படித்த பல் டாக்டர் ஒருவர் இன்னமும் எங்களுக்குப் பழக்கம். ரேடியோவில் பாட்டு நின்று செய்தி ஆரம்பித்தால் நடுரோட்டில் அவர் வண்டி நின்றுவிடும். பின்னால் வருகிறவர்கள் திட்டுவார்கள். டாக்டர் கண்ணாடியை இறக்கி, மன்னிக்கணும், நான் பாட்டு மாஸ்டர் ஸ்டூடன்ட் என்பாராம். பாதிப் பேருக்கு அது போதுமாம். அவர்களும் அதே ஸ்கூல்தான்.

பாட்டுகளை அப்பா உள்ளபடி பாடமாட்டார். பழைய மெட்டில் பாடத்தைப் போட்டு நிரப்புவார். அப்படி அவர் கட்டிய ஒன்று, 'மெல்ல மெல்ல விடு கண்ணே, அவசரம் என்ன சொல் பெண்ணே' என்று ஆரம்பிக்கும். கிளட்ச்சிலிருந்து காலை எடுப்பதற்கான பாட்டு அது. ஒரு தையற்காரரின் மனைவி அதைச் சமையலறையில் முணுமுணுத்துவிட்டாள். எங்கே கற்றுக்கொண்டாய் என்று தையற்காரர் கேட்க, மாஸ்டர் என்னைப் பார்த்துப் பாடுவார் என்று அந்த அம்மாள் சூதுவாது இல்லாமல் சொல்லியிருக்கிறாள். தையற்காரர் இஞ்ச் டேப் கழுத்தில் தொங்கத் தொங்க ஸ்கூலுக்கு வந்துவிட்டார். அப்பா அவரைப் பிடித்து ஸ்டியரிங் முன்னால் உட்காரவைத்து, கிளட்ச்சை விடச் சொல்லி, அதே பாட்டை அவருக்கும் பாடினார். கண்ணே, பெண்ணே எதையும் மாற்றவில்லை. தெருக்கோடிக்குப் போய்த் திரும்புவதற்குள் தையற்காரருக்குக் கோபம் போய், மறுநாளிலிருந்து அவரும் சேர்ந்துவிட்டார்.

வீட்டிலும் அவர் அப்படித்தான். எனக்கும் அண்ணனுக்கும் தலைவாரிவிடுவதிலிருந்து ஷூவுக்குப் பாலீஷ் போடுவது வரை அவர் வேலை. அம்மா தையல் மெஷினும் துணியுமாக இருப்பாள், அவளுக்குக் காலையில் நேரம் இருக்காது. எங்களை ஸ்கூலில் கொண்டுபோய் விடுவதும் அப்பாதான். அதுவும் எல் போர்டு மாட்டிய காரில், யாராவது ஒரு மாணவர் ஓட்ட. அதனால் நாங்கள் முனைக்கு முனை நின்று நின்று போவோம். சில நாள் எங்கள் வகுப்புப் பிள்ளைகளே பின்னாலிருந்து தள்ளிவிட்டிருக்கிறார்கள். அண்ணனுக்கு அந்த ஆட்டத்தில் வாந்தி வரும். கார் என்றாலே அவனுக்கு ஆகாமல் போய்விட்டது. இப்போது கப்பலில் வேலை பார்க்கிறான். அங்கே எவ்வளவு ஆடினாலும் அவனை ஒன்றும் செய்வதில்லையாம்.

ஆக, கற்றுக்கொள்ள வீட்டில் மிச்சம் இருந்தது நான்தான். எனக்கு லைசென்ஸ் எடுக்கும் வயது வந்ததும் அப்பா முதல் நாளே காரைக் கழுவித் துடைத்து வைத்துவிட்டார். என் மகளுக்குப் பாடப்போகிறேன் என்று தெருவெல்லாம் சொல்லியும் வைத்துவிட்டார். என்னைவிட அவருக்குத்தான் ஆசை.

காலையில் போய் உட்கார்ந்தோம். அவர் கண்ணாடிகளைச் சரிபார்த்தார். என் ஸீட்டை முன்னால் நகர்த்தினார், பின்னால் நகர்த்தினார். கண்ணாடிகளை மறுபடி சரிபார்த்தார். கதவு சாத்தியிருக்கிறதா என்று இறங்கிவந்து இழுத்துப் பார்த்தார். எடு என்றார். எடுத்தேன். வண்டி அழகாகக் கிளம்பியது. பக்கத்தில் சத்தமே இல்லை.

பாட்டு இல்லை என்றால் என்ன அர்த்தம்? பிரேக்கை மிதித்தேன்.

எதற்கு நிறுத்தினாய் என்றார். நீங்கள் பாடவில்லையே என்றேன். சரி, எடு என்றார். எடுத்தேன். சத்தம் இல்லை. மிதித்தேன். அன்றைக்கு ஒரு மணி நேரத்தில் நாங்கள் எங்கள் தெருவையே தாண்டவில்லை. முனையில் பேப்பர் விற்கிறவர், வண்டியில் ஏதாவது கோளாறா மாஸ்டர், தள்ளட்டுமா என்று ரெண்டு தரம் வந்து கேட்டார்.

அப்பா பாட முயற்சி செய்யாமல் இல்லை. வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. தண்ணீர் குடித்துவிட்டுத் திறந்தார். கெட்டிலில் தண்ணீர் கொதிக்கும்போது வருமே, அப்படி ஒரு சத்தம் வந்தது. தொண்டை கட்டிவிட்டது என்றார். மறுநாள் மிட்டாய் மாத்திரை வாங்கி வாயில் அடக்கிக்கொண்டு வந்தார். அதற்கடுத்த நாள் கழுத்தில் மப்ளர். மூன்று நாளும் காலையில் பல் தேய்க்கும்போது தொண்டை கணீரென்று இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டும் அளவுக்கு இருந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்தால் மட்டும் அடைத்துக்கொண்டது.

மூன்றாவது நாள் வகுப்பு முடிந்து, நான் கடையில் சோப்பு வாங்கிக்கொண்டு திரும்பும்போது எங்கள் கார் எதிரே வந்தது. பல் டாக்டர் ஓட்டிக்கொண்டிருந்தார். அப்பா கண்ணை மூடிக்கொண்டு உச்சத்தில் பாடிக்கொண்டிருந்தார். மப்ளர் பின் ஸீட்டில் கிடந்தது.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஊரில் யார் யாருக்கோ பாடுகிறார். ஒரு நாள் காரை நேராகக் குப்பைத்தொட்டியில் கொண்டுபோய் விட்ட ஆளுக்கெல்லாம் பாடுகிறார். பெற்ற மகளுக்குப் பாட மனசு வரவில்லை. நான் அவ்வளவு மட்டமாகவா ஓட்டுகிறேன்? அன்று முழுக்க அவரோடு பேசவில்லை. சாப்பாட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டேன். அம்மா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு மெஷினை நிறுத்திவிட்டு, ரெண்டு பேரையும் ஒரே மேஜையில் உட்காரவைத்து, இவள் கேட்பதற்குப் பதில் சொல்லுங்கள் என்று அவரிடம் சொன்னாள்.

அப்பா மேஜை விரிப்பின் ஓரத்தைச் சுருட்டிச் சுருட்டி விட்டுக்கொண்டிருந்தார்.

"மத்தவங்க ஓட்டும்போது நான் ரோட்டைப் பார்க்கிறேன்மா. நீ ஓட்டும்போது உன்னைத்தான் பார்க்கிறேன். பாட்டு எங்கேருந்து வரும்?"

அம்மாதான் நடைமுறை ஆள். அப்படியானால் இவளுக்கு வேற வாத்தியார் பார்க்கணும், அவ்வளவுதானே என்றாள். அப்பா தலையை ஆட்டினார். ஆனால் முகம் விழுந்துவிட்டது. ஏனென்றால் ஊரில் வேறு வாத்தியார் என்றால் ஒருத்தர்தான்.

அவருக்கு ஊர் வைத்த பேர் கமாண்டர். எங்கள் ஸ்கூலுக்கு நேர் எதிரே ஸ்கூல் வைத்திருந்த பெண்மணி. ரொம்ப வருஷம் பஸ் ஓட்டிவிட்டு வந்தவர். கட்டையாக வெட்டிய முடி, எப்போதும் இஸ்திரி போட்ட சட்டை. அவர் வண்டியில் மாணவர்கள் இருமுவதற்கும் அனுமதி கேட்பார்கள். அப்பா பாட்டால் தெருவில் ஹாரன் சத்தமே கேட்பதில்லை என்று போக்குவரத்து அலுவலகத்துக்குப் புகார் போட்டவர். அதிகாரி விசாரிக்க வந்தபோது அப்பா அவருக்கும் ஒரு சரணம் பாடிக்காட்டினார். அதிகாரி சிரித்துவிட்டுப் போனதைக் கமாண்டர் மறக்கவே இல்லை. இவர் வாசலுக்கு அவர் வருவதில்லை, அவர் வாசலுக்கு இவர் போவதில்லை.

அந்த வாசலுக்கு மறுநாள் அப்பா போனார். நானும் கூடப் போனேன். கமாண்டர் உட்காரச் சொல்லவில்லை. அப்பா நின்றபடியே விஷயத்தைச் சொன்னார். எதையும் மறைக்கவில்லை, கெட்டில் சத்தம் உட்பட. கமாண்டர் கேட்டுக்கொண்டே இருந்தார். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை.

"சொல்லித் தர்றேன். ஒரே கண்டிஷன், நீங்க கண்ணுல படக் கூடாது," என்றார்.

அப்பா படமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தார். அடுத்த நாள் காலை கமாண்டரின் காரில் நான் ரெண்டு தெரு தாண்டியிருப்பேன். கண்ணாடியைப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். பின்னால் எங்கள் கார் வந்துகொண்டிருந்தது. ஓட்டுவது பல் டாக்டர். பக்கத்தில் யாருமே இல்லை. கொஞ்சம் உற்றுப் பார்த்தால், அப்பாவின் வழுக்கைத் தலை மட்டும் டாஷ்போர்டுக்கு மேலே பாதி தெரிந்தது. கண்ணில் படக் கூடாது என்று குனிந்து உட்கார்ந்திருந்தார்.

நான் இடப்பக்கம் திரும்பினால் அவர்களும் திரும்பினார்கள். நான் நின்றால் அவர்களும் நின்றார்கள். அந்த வாரம் அப்பாவிடம் கற்றுக்கொண்ட அத்தனை பேரும் என் வழியை மட்டும்தான் கற்றுக்கொண்டார்கள். தையற்காரரின் மனைவிக்கு மார்க்கெட் பக்கம் போகத் தெரியாது, ஆனால் நான் போகும் சந்து பொந்தெல்லாம் அத்துப்படி. கமாண்டர் நான்கு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார். ஐந்தாம் நாள் பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டார்.

"இன்னைக்குப் பாடம், பின்னாடி வர்ற வண்டியைத் தொலைக்கிறது."

அப்படி ஒரு பாடம் எந்த டிரைவிங் ஸ்கூலிலும் கிடையாது. சந்தில் நுழைந்து அடுத்த சந்தில் வெளியே வந்தேன். லாரி ஷெட்டுக்குள் ரிவர்ஸில் போய் ஒளிந்தேன். ரவுண்டானாவைச் சுற்றிச் சுற்றி வந்து, எந்தப் பக்கம் பிரிந்தோம் என்று தெரியாமல் பிரிந்தேன். எனக்குப் பயம் எப்போது போனது என்றே தெரியவில்லை. கமாண்டர் மேலும் கீழுமாகக் கை காட்டிக்கொண்டிருந்தார். முகத்தில் மட்டும் சிரிப்பு இல்லை. ஆனால் பின்னால் பல் டாக்டரும் லேசுப்பட்ட ஆள் இல்லை. விடாமல் பிடித்தார். கடைசியில் லைசென்ஸ் டெஸ்ட்டில் என்னைவிட நன்றாக அவர்தான் ஓட்டிக்காட்டினார். எங்கே படித்தீர்கள் என்று இன்ஸ்பெக்டரே விசாரித்தாராம்.

நான் லைசென்ஸ் வாங்கியதும் அப்பா கமாண்டர் ஸ்கூலுக்குப் போய் இனிப்பு கொடுத்தார். கமாண்டர் வாங்கிக்கொண்டு, நான் ஒருத்திக்குத்தான் சொல்லிக்கொடுத்தேன், ரெண்டு பேர் பாஸாகிவிட்டார்கள் என்றார். அவர் சொல்லி நாங்கள் கேட்ட முதல் ஜோக் அது. அதற்கப்புறம் ரெண்டு பேரும் தெருவைத் தாண்டிப் பேசிக்கொள்ள ஆரம்பித்தார்கள். பேச்சு என்றால் பெரும்பாலும் சண்டைதான், ஆனாலும் பேச்சு.

எனக்கு ஒரு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை கிடைத்தது. பழைய கார் ஒன்று வாங்கினேன். அப்பாவை எங்கெங்கோ கூட்டிப்போனேன். எப்போதும் பின் ஸீட்டில்தான் ஏறுவார். ஒரு வார்த்தை பேசமாட்டார். இறங்கியதும் சட்டை முதுகில் ஒட்டியிருக்கும். நானும் கேட்பதை விட்டுவிட்டேன். சில பேருக்கு உயரம் ஆகாது, சில பேருக்குத் தண்ணீர் ஆகாது, இவருக்கு நான் ஓட்டினால் ஆகாது என்று எடுத்துக்கொண்டேன்.

பல வருஷம் கழித்து அவருக்குக் கண் ஆபரேஷன் ஆனது. ஒரு கண்ணில் கட்டு. மறு கண்ணுக்கு ஏற்கெனவே தடிமனான கண்ணாடி, அதையும் ஆஸ்பத்திரியில் மறந்து வைத்துவிட்டு வந்துவிட்டார். ஏற இறங்க வசதி என்று நர்ஸ் அவரை என் பக்கத்து ஸீட்டில் உட்காரவைத்துவிட்டார். வழியில் ஒரு லாரிக்காரர் சிக்னல் போடாமல் குறுக்கே திருப்பினார். நான் சட்டென்று ஒதுங்கி, கண்ணாடியை இறக்கி, கமாண்டரிடம் கற்ற பாஷையில் நாலு வார்த்தை கேட்டேன். லாரிக்காரர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். கட்டு நனைந்துவிடப் போகிறது, சிரிக்காதீர்கள் என்றேன். கொஞ்ச தூரம் போனதும் ஒரு முனகல் கேட்டது. எஞ்சினில்தான் ஏதோ என்று நினைத்தேன். அப்புறம் பல்லவி வந்தது.

நான் மூச்சுக்கூடச் சத்தமாக விடவில்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை. அவருக்கே தெரியாமல் பாடுகிறார், தெரிந்தால் நிறுத்திவிடுவார் என்று பயம். எங்கள் வீடு வந்தது. நான் நிறுத்தவில்லை. அப்படியே தாண்டிப்போய், தெருவைச் சுற்றிக்கொண்டு வந்தேன். சரணம் நடந்துகொண்டிருந்தது. மறுபடி வீடு வந்தது, மறுபடி தாண்டினேன். அவருக்குத்தான் வெளியே ஒன்றும் தெரியாதே. ஆனால் அம்மாவுக்குத் தெரிந்தது. கேட்டில் காத்துக்கொண்டு நின்றவள், மகளும் புருஷனும் வந்துவிட்டார்கள் என்று கையை ஆட்டினாள், நாங்கள் பாட்டுக்குப் போய்விட்டோம். அடுத்த சுற்றில் ரெண்டு கையையும் ஆட்டினாள். அதற்கடுத்த சுற்றில் பக்கத்து வீட்டுக்காரர், பேப்பர்காரர், கமாண்டர் எல்லோரையும் கூட்டிவைத்திருந்தாள். வண்டிக்குப் பிரேக் பிடிக்கவில்லை, எப்படியாவது நிறுத்துங்கள் என்று அழாத குறை. கமாண்டர் ஒரு மணல் மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடுத்தெருவில் நின்றார்.

வேறு வழி இல்லாமல் நிறுத்தினேன்.

"வீடு வந்துடுச்சா? இன்னைக்கு ரொம்ப சுத்து வழி போல," என்றார் அப்பா.

ஆமாம்ப்பா, ரோடு வெட்டிப் போட்டிருக்கிறார்கள் என்றேன். அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னபோது முதலில் முதுகில் ஒன்று வைத்தாள். பிறகு உள்ளே போய் வெகுநேரம் வெளியே வரவில்லை.

கட்டு பிரித்த பிறகும் அவர் முன் ஸீட்டிலேயே உட்கார்ந்தார். சில நாள் பாடுவார், சில நாள் மாட்டார். நானும் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

அப்பா போனது போன மழைக்காலத்தில். காலை வகுப்பை முடித்துவிட்டு வந்து, ஸ்கூல் நாற்காலியில் உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். முதலில் பார்த்தது கமாண்டர். எதிர் ஸ்கூலில் சத்தமே இல்லையே என்று எட்டிப் பார்க்க வந்திருக்கிறார். எனக்குப் போன் செய்தவரும் அவர்தான். அவர் குரல் உடைந்து அன்றைக்குத்தான் கேட்டேன்.

ஒரு மாதம் கழித்து நினைவுக்கூட்டம் வைத்தோம். பள்ளிக்கூட ஹால் ஒன்று கேட்டு வாங்கினோம். பாதி ஊர் வந்தது. எல்லோரும் காரில் வந்தார்கள், எல்லோரும் அப்பாவிடம் படித்தவர்கள். அதனால் கேட் முன்னால் ஒவ்வொருத்தரும் மற்றவருக்கு வழிவிட்டு, நீங்க போங்க, நீங்க போங்க என்று கை காட்டிக்கொண்டு நின்றதில் ஒரு வண்டியும் உள்ளே வரவில்லை. கமாண்டர் விசில் எடுத்துக்கொண்டு வெளியே போய்த்தான் கூட்டம் ஆரம்பித்தது. பேசியவர்கள் எல்லோரும் அப்பாவின் குரலைப் பற்றித்தான் பேசினார்கள். தேன் என்றார் ஒருவர், கங்கை என்றார் இன்னொருவர். கிளட்ச் பாட்டு முதலில் யாருக்காகக் கட்டியது என்று தையற்காரருக்கும் பல் டாக்டருக்கும் மேடையிலேயே சின்ன வாக்குவாதம் வந்தது. அம்மா என் காதருகே குனிந்து, சுருதி சேர்ந்து ஒரு நாள் பாடினதில்லைடி, இவங்க யாருக்கும் காது இல்லையா என்றாள். சிரிக்கவும் செய்தாள், கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

கூட்டம் கலையும்போது ஒரு பெண் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தாள். நர்ஸ் வேலை பார்க்கிறாளாம். அப்பா கடைசியாக வகுப்பு எடுத்தது அவளுக்குத்தான்.

"அக்கா, சார் ரிவர்ஸ் சொல்லித் தர்றதுக்குள்ள போயிட்டார். எனக்கு முன்னாடி மட்டும்தான் போகத் தெரியும்."

கமாண்டரிடம் போகச் சொன்னேன். போனேன் அக்கா, அவங்க உங்ககிட்ட அனுப்பினாங்க என்றாள். நான் திரும்பிப் பார்த்தேன். கமாண்டர் ஹாலின் அந்தக் கோடியில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார், என் பக்கம் பார்க்கவே இல்லை.

மறுநாள் காலை டியூட்டிக்கு முன்னால் அப்பாவின் காரை வெளியே எடுத்தேன். அந்தப் பெண்ணை உட்காரவைத்து, நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். லாரி ஷெட்டுக்குப் போனோம். தலையைத் திருப்பிப் பார்க்கணும், கண்ணாடியை மட்டும் நம்பக் கூடாது, ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் ஒடித்தால் வால் எந்தப் பக்கம் போகும் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். முதல் தரம் டயர் அடுக்கை இடித்தாள். அடுத்த தரம் குறுக்கே போய் நின்றாள். ஷெட்டுக்காரர் டீ டம்ளரோடு வெளியே வந்து வேடிக்கை பார்த்தார். வெயில் ஏறின பிறகு ஒரு தரம், ரெண்டு லாரிக்கு நடுவில், கோணலாகத்தான், ஆனால் எதிலும் படாமல் வண்டி பின்னால் போய் நின்றது. அவள் ஸ்டியரிங்கை விடாமல் பிடித்துக்கொண்டு, சரியா அக்கா என்றாள். நான் இறங்கிப் போய்ப் பின்பக்கம் பார்த்துவிட்டு வந்து, சரிதான், நாளைக்கும் வா என்றேன்.